எல்லை ஊர்க் குடும்பங்கள் – 9: மருதூர் யார் வீடு?

சென்ற அத்தியாயத்தில் இடுக்கி மலையில் இருந்தோம். 1877-ல் பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளை எழுதி வாங்கிய ஜே.டி. மன்றோ, பீர்மேட்டுக்குப் பக்கத்தில் பள்ளிக்குன்று தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடங்கியிருப்பதைப் பார்த்தோம். மன்றோ போன்றவர்களின் வம்சத்தைத் தேடுவது எவ்வளவு சிக்கலானாலும் ஒரு வசதி உண்டு. வெள்ளைக்காரர்கள் எந்தக் காட்டுக்குப் போனாலும் பின்னாலேயே பாதிரியார் போனார். அவரோடு பதிவேடும் போனது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் தேதி இருக்கும், கையெழுத்து இருக்கும். தகப்பன் பெயர் எழுதவேண்டிய இடம் காலியாக இருந்தால், அந்தக் காலி இடமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

மலையை விட்டு வடக்கே பாலக்காட்டுக்கு வந்தால் இந்த வசதி போய்விடுகிறது. நூறு, நூற்றிருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு நாயர் குடும்பத்தின் கல்யாணத்தைத் தேடினால் அநேகமாகப் பதிவேடு என்று எதுவும் கிடைக்காது. பதிவு செய்யாமல் மறைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பதிவு செய்யும் வழக்கமே அங்கே இல்லை. இந்த ஒரு விஷயம் புரியாததால், தமிழ்நாடு தன் முதலமைச்சர் ஒருவருடைய பூர்வீகத்தைப் பற்றி வருஷக்கணக்காகச் சண்டை போட்டது.

எம்.ஜி.ஆரைத்தான் சொல்கிறேன். குடும்பங்களுக்கு மட்டுமா மூதாதை? கட்சிகளுக்கும் உண்டு. இன்றைக்கும் தேர்தல் வந்தால் அவர் படத்தைப் போட்டு உரிமை கோருகிறவர்களை எண்ணிப் பார்த்தால், தமிழ்நாட்டில் அவரைவிடப் பெரிய குடும்பம் உள்ள மூதாதை வேறு யாரும் இல்லை. சொந்தப் பிள்ளை மட்டும் இல்லை.

எல்லோரும் ஒப்புக்கொள்ளும் செய்திகள் கொஞ்சம்தான். 1917 ஜனவரி 17 அன்று இலங்கையில், கண்டிக்குத் தெற்கே உள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார். தகப்பனார் மேலக்கத்து கோபால மேனன். தாயார் வடவன்னூர் மருதூர் சத்தியபாமா. அண்ணன் சக்கரபாணி ஆறு வயது மூத்தவர். தம்பிக்கு மூன்று வயது நிறைவதற்குள் தகப்பனார் இறந்துவிட்டார்.

தகப்பனாரைப் பற்றி இதற்குமேல் ஒரு அடி எடுத்துவைத்தால் கதை கிளை பிரிகிறது. கேரளத்தில் மாஜிஸ்திரேட்டாக இருந்தார் என்று ஒரு கதை. நேர்மைக்காக வேலையை உதறிவிட்டுக் கப்பலேறினார் என்பது அதன் நீட்சி. கண்டியில் கல்லூரி முதல்வராக இருந்தார் என்பது இன்னொரு கதை. இல்லை, ஆசிரியர்தான் என்பது அதன் சின்ன வடிவம். மேடைக்கு மேடை, புத்தகத்துக்குப் புத்தகம் அவருடைய உத்தியோகம் உயர்ந்துகொண்டே போனது. கேரளத்திலிருந்து எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் கணக்கு வேலைக்கும் குமாஸ்தா வேலைக்கும் இலங்கைக்குப் போவது அந்தக் காலத்தில் சாதாரணம். 1914-ல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் இணைப்பு வந்தபிறகு அந்தப் பயணம் இன்னும் எளிதானது. ஆனால் கதாநாயகனின் தகப்பன் சாதாரணமாக இருக்கக் கூடாது அல்லவா?

தகப்பனை விட்டுவிட்டு, அந்தப் பெயரின் முதல் இரண்டு எழுத்துக்களைக் கவனியுங்கள். எம், ஜி. மருதூர் கோபாலன் ராமச்சந்திரன். தமிழ் வாசகர் இதைத் தமிழ்நாட்டு வழக்கப்படியே படித்தார்: முதல் எழுத்து ஊர், இரண்டாம் எழுத்து அப்பா. மருதூர் என்றால் அப்பாவின் ஊராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். ‘மருதூர் கோபால மேனனின் மகன்’ என்று எத்தனை கட்டுரைகளில் அச்சாகியிருக்கிறது! உண்மையில் மருதூர் தாயாருடைய தரவாட்டின், அதாவது தாய்வழிக் கூட்டுக்குடும்பத்தின், பெயர். தகப்பனாருடைய வீட்டுப் பெயர் மேலக்கத்து. அதுவும் அவருக்கு அவருடைய தாய் வழியில் வந்திருக்கும். அண்ணன் சக்கரபாணிக்கும் அதே எம்.ஜி.தான். பிள்ளைகள் தகப்பன் பெயரை எடுத்துக்கொண்டார்கள்; வீட்டுப் பெயரைத் தாயிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். மலபாரில் பிறந்த யாருக்கும் இதில் அதிசயம் இல்லை.

தாய்வழியாக வீடும் சொத்தும் இறங்கும் இந்த மருமக்கள்தாயம் தமிழர்களுக்கு முற்றிலும் அந்நியமும் இல்லை. கவிமணியின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ படித்தவர்களுக்கு, காரணவர் என்றால் யார், அவர் வீட்டுக்குள் என்ன பாடு படுத்துவார் என்பதெல்லாம் தெரியும். சொத்து தரவாட்டுக்குச் சொந்தம். நிர்வாகம் காரணவரான மூத்த தாய்மாமன் கையில். பெண்ணின் பிள்ளைகள் அந்தத் தரவாட்டின் உறுப்பினர்கள். ஆணின் பிள்ளைகள் அவன் மனைவியின் தரவாட்டு உறுப்பினர்கள். தகப்பன் வருவார், போவார். பிள்ளைக்குச் சோறும் பங்கும் மாமன் வீட்டில்.

நாயர்களின் கல்யாணமான சம்பந்தம் நடக்கும் விதத்தைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். இருட்டிய பிறகு மாப்பிள்ளை நாலைந்து நண்பர்களோடு பெண்ணின் தரவாட்டுக்கு வருவார். உள்ளே நிலவிளக்கு எரியும். அதற்கு முன்னால் ஒரு பறை நிறைய நெல், அதில் செருகிய தென்னம்பூக் குலை. தட்டில் வெற்றிலை பாக்கு, அதன்மேல் மடித்து வைத்த கரைபோட்ட முண்டு. அவர் முண்டை எடுத்து நீட்டுவார். அவள் இரு கையாலும் வாங்கிக்கொள்வாள். பெரியவர்களுக்கு வெற்றிலை கொடுத்து, சாப்பிட்டுவிட்டு நண்பர்கள் கிளம்பிவிடுவார்கள். அவ்வளவுதான். புரோகிதர் மந்திரம் ஓதி நடத்தும் ஹோமம் கிடையாது. தாலி அந்தப் பெண்ணுக்குச் சிறுமியாக இருந்தபோதே தாலிகெட்டுக் கல்யாணத்தில் ஏறியிருக்கும்; அதைக் கட்டியவர் பெரும்பாலும் வேறு ஒருவர், அவருக்கு அதன்பிறகு அந்தப் பெண்ணிடம் எந்த உரிமையும் இல்லை. முண்டு கொடுத்தவர் வருவதை நிறுத்திவிட்டால் உறவு முடிந்தது. அவள் வேறு முண்டு வாங்கலாம், அவர் வேறு முண்டு கொடுக்கலாம். ஊர் தவறாக நினைக்காது.

ஆங்கிலேய நீதிமன்றம் இதைக் கண்டு திகைத்தது. சம்பந்தம் என்பது கல்யாணமே இல்லை என்று சொல்லிவிட்டது. அப்படியானால் பிறந்த பிள்ளைகள்? அதைச் சரிசெய்ய முனைந்தவர் பாலக்காட்டுக்காரர்தான். மங்கரையில் பிறந்து சென்னையில் வக்கீலாகப் புகழ்பெற்ற சேற்றூர் சங்கரன் நாயர், சம்பந்தங்களைப் பதிவு செய்ய ஒரு மசோதா கொண்டுவந்தார். 1891-ல் அரசு ஒரு கமிஷன் போட்டது. தலைவர், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி தி. முத்துசாமி ஐயர். ‘இந்துலேகா’ நாவல் எழுதிய ஒ. சந்து மேனன் அதில் ஓர் உறுப்பினர். எங்கள் சம்பந்தமும் கல்யாணம்தான், அதற்குச் சட்டத்தின் முத்திரை எதற்கு என்று மாறுபட்டு நின்றவர் அவர். கடைசியில் 1896-ல் மலபார் திருமணச் சட்டம் வந்தது. விரும்பியவர்கள் பதிந்துகொள்ளலாம். மிகச் சிலரே பதிந்தார்கள். காரணவர்களுக்கு அதில் இஷ்டமில்லை. பதிந்தால் சம்பாத்தியம் மருமகன்களிடமிருந்து மனைவி மக்களுக்குத் திரும்பும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சம்பந்தத்தைச் சட்டம் முழுக் கல்யாணமாக ஏற்றுக்கொண்டது 1933-ல் நடைமுறைக்கு வந்த சென்னை மருமக்கத்தாயச் சட்டத்தில்தான். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தகப்பன் சொத்தில் உரிமை, ஒருவனுக்கு ஒரு நேரத்தில் ஒரு மனைவி, தரவாட்டுச் சொத்தைப் பிரிக்க வழி எல்லாம் அதில் வந்தன. அப்போது எம்.ஜி.ஆருக்கு வயது 16. கோபால மேனன் இறந்து பதிமூன்று வருஷம் ஆகியிருந்தது.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு சத்தியபாமாவின் நிலையை யோசியுங்கள். கடல் கடந்த ஊரில் கணவன் இறந்துவிட்டான். கணவனுடைய தரவாட்டில் அவளுக்கோ பிள்ளைகளுக்கோ சட்டப்படி ஒன்றும் இல்லை. தன் தரவாட்டில் பிள்ளைகளுக்கு இடம் உண்டு. ஆனால் அங்கே போய், காரணவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்தால்தான் சோறு. பிரித்துக் கொடு என்று தனியாகக் கேட்க அன்றைக்கு வழியில்லை. சத்தியபாமா வடவன்னூரில் தங்கவில்லை. இரண்டு பையன்களோடு கும்பகோணத்துக்குப் போனார். அங்கே வேலு நாயர் என்ற தெரிந்தவர் துணை. பையன்கள் ஆனையடிப் பள்ளியில் கொஞ்சநாள் படித்தார்கள். பிறகு வறுமை இருவரையும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு அனுப்பியது. நாடகக் கம்பெனியில் சாப்பாடு உறுதி. மாமன் வீட்டுச் சோற்றைவிடக் கம்பெனிச் சோறு மேல் என்று ஒரு தாய் முடிவு செய்தார் என்றால், 1920 வாக்கில் தரவாடு என்ற அமைப்பு எவ்வளவு நொடித்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். மருமக்கள்தாயம் பெண்களின் சொர்க்கம் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கும்பகோணப் பயணத்தையும் சேர்த்து எழுதவேண்டும்.

இனி அந்தச் சண்டைக்கு வருவோம். 1972 அக்டோபர் 17-ல் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கியதும் ‘மலையாளி’ என்ற சொல் தமிழ்நாட்டு மேடைகளில் வசையாகப் புழங்க ஆரம்பித்தது. இதே சொல் இதே தொனியில் 1930-களில் கொழும்பில் ஒலித்திருக்கிறது. தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்க அங்கே மலையாளிகளுக்கு எதிராக இயக்கமே நடத்தினார். ஆக, பிறந்த நாட்டிலும் வாழ்ந்த நாட்டிலும் ஒரே வசை.

வசைக்குப் பதிலாக ஒரு வம்சாவளி வந்தது. எம்.ஜி.ஆரின் முன்னோர் கொங்கு வேளாளரில் மன்றாடியார் பட்டம் பெற்றவர்கள், கொங்கிலிருந்து பாலக்காட்டுக்குக் குடிபோனவர்கள், ஆகவே அவர் தமிழரே என்று வாதம் எழுந்தது. ‘செந்தமிழ் வேளிர் எம்.ஜி.ஆர்.’ என்று புத்தகமே வெளிவந்தது. மன்றாடியார் என்பது கொங்கில் கனமான பட்டம். பழையகோட்டைப் பட்டக்காரர்கள் சர்க்கரை மன்றாடியார்கள். பாலக்காட்டுப் பக்கத்திலும் மன்னாடியார் என்று பட்டம் போட்டுக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு.

இடப்பெயர்ச்சியை நான் சந்தேகிக்க மாட்டேன். பாலக்காட்டுக் கணவாய் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் வாசல். பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வழியாகக் கொல்லங்கோட்டுக்கு மேடு பள்ளம் இல்லாத சாலை. வடவன்னூர் அந்தக் கொல்லங்கோட்டுக்குப் பக்கத்து ஊர். சித்தூர் தாலுக்காவில் இன்றும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம். மாடும் நெல்லும் பெண்ணும் பல நூற்றாண்டுகளாக இரண்டு பக்கமும் போய்வந்திருக்கின்றன. இந்த மண்ணில் ஒருவருடைய ஏழாவது பாட்டன் கொங்கிலிருந்து வந்தார் என்றால் வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

என் கேள்வி வேறு. மன்றாடியார் வழி என்றால் எந்த வழி? தகப்பன் வழியா? அப்படியானால் கோபால மேனன் யார் மகன் என்பதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறவேண்டும். ஆனால் கோபால மேனனே தன் தகப்பனுடைய வீட்டைச் சேர்ந்தவர் இல்லை, தாயின் மேலக்கத்து வீட்டைச் சேர்ந்தவர். ஒவ்வொரு தலைமுறையிலும் தகப்பன் வேறு வீட்டுக்காரர். தகப்பன், தகப்பனின் தகப்பன் என்று ஏணி வைத்து ஏறினால், ஒவ்வொரு படியும் ஒவ்வொரு வீட்டுக் கூரையில் போய் நிற்கும். மேனன் என்பதும் மூலத்தில் கணக்கெழுதும் குடும்பங்களுக்கு அரசர்கள் கொடுத்த பட்டம்தான். அதை வைத்தும் ஒன்றும் நிரூபிக்க முடியாது. தாய் வழியில் ஏறினால் மட்டும் மருதூர் என்ற ஒரே வீட்டுக்குள்ளேயே பாட்டி, பாட்டியின் தாய் என்று போய்க்கொண்டே இருக்கலாம். வசை பாடியவர்களும் வக்காலத்து வாங்கியவர்களும் சேர்ந்து செய்த காரியம் ஒன்றுதான்: தகப்பன் வழியைக் கணக்கில் வைக்காத ஊரில் போய்த் தகப்பன் வழியைத் தேடினார்கள்.

இன்னொன்றையும் இரு தரப்பும் மறந்தார்கள். 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு வேறு மாநிலம் இல்லை. மலபார் மாவட்டம் சென்னையின் ஆளுகையில் இருந்தது. சித்தூர் மட்டும் கொச்சி அரசின் துண்டாக நடுவே கிடந்தது. எம்.ஜி.ஆர். இரண்டு முறை பாலக்காட்டில் பெண் எடுத்தபோது, சென்னை மாகாணத்துக்காரர் சென்னை மாகாணத்துப் பெண்ணைக் கட்டினார்.

அந்தக் கல்யாணங்கள் இந்த வரலாற்றின் மற்றொரு முடிச்சு. முதல் மனைவி பார்கவி என்கிற தங்கமணி. பாலக்காட்டுப் பெண், தாயார் பார்த்து முடித்த சம்பந்தம். 1939 வாக்கில் கல்யாணம். மூன்று வருஷம்கூட நிறைவாக வாழவில்லை. யுத்தகாலத்தில் தாய்வீட்டில் இருந்தபோது இறந்துபோனார். 1942-ல் பாலக்காட்டை அடுத்த குழல்மன்னத்திலிருந்து சதானந்தவதி. இதுவும் தாயார் ஏற்பாடு. காசநோய் அவரைப் பிடித்துக்கொண்டது. நோயும் மருத்துவமுமாகவே அந்த இருபது வருஷம் ஓடியது. 1962-ல் அவர் காலமானார்.

இடையில் வந்தவர் வி.என். ஜானகி. 1948-ல் ‘ராஜமுக்தி’, ‘மோகினி’, 1950-ல் ‘மருதநாட்டு இளவரசி’ என்று சேர்ந்து நடித்தார்கள். இறந்துபோன தங்கமணியின் சாயல் ஜானகியிடம் இருந்தது என்பது திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட செய்தி. ஜானகிக்கு ஏற்கெனவே கணபதி பட் என்ற திரைத்துறைக்காரரோடு மணமாகி ஒரு மகனும் இருந்தான். சதானந்தவதி உயிரோடு இருந்தார். 1949-ல் சென்னை அரசு இந்துக்களுக்கு இருதார மணத்தைத் தடைசெய்து சட்டம் போட்டிருந்தது. 1955-ல் இந்து திருமணச் சட்டம் அதையே நாடு முழுவதற்கும் ஆக்கியது. மருமக்கத்தாயச் சட்டம் இதை 1933-லேயே தடுத்துவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வழி அடைப்பு. சதானந்தவதி இறந்த பிறகு 1963-ல்தான் ஜானகியோடு திருமணம் பதிவானது. எம்.ஜி.ஆருடைய பாட்டன் காலத்தில் ஒரு முண்டும் நிலவிளக்கும் போதுமாக இருந்த ஊர் வழக்கை நினைத்துப் பாருங்கள். மூன்று தலைமுறைக்குள் கல்யாணம் என்ற சொல்லுக்குள் சட்டம் எவ்வளவு தூரம் நுழைந்துவிட்டது!

ஜானகியின் முதலெழுத்துக்களையும் பிரித்துவிடலாம். வி – வைக்கம். என் – நாராயணி. நாராயணி அம்மா அவருடைய தாயார், வைக்கத்து நாயர் பெண்மணி. தகப்பனார் ராஜகோபால ஐயர், தஞ்சைப் பக்கத்துப் போலகத்தைச் சேர்ந்த பிராமணக் குடும்பத்தவர். பாபநாசம் சிவனின் சகோதரர். தகப்பனை இழந்த அந்தக் குடும்பம் திருவனந்தபுரத்துக்குப் பிழைக்கப் போனது சிவனின் வரலாற்றைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஆகத் தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர், தகப்பன் வழியில் பார்த்தால் தமிழ்த் தியாகையர் என்று போற்றப்பட்ட சிவனின் சகோதரர் மகள். 1988 ஜனவரியில் அவர் மூன்று வாரம் பதவியில் இருந்தபோது இந்த உறவை யாரும் மேடையில் எடுத்துப் பேசவில்லை. கணவருக்கு வலிந்து ஒரு தமிழ்த் தகப்பன் வழியைத் தேடியவர்கள், மனைவிக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்த தமிழ்த் தகப்பனைக் கவனிக்காமல் விட்டதை என்னவென்று சொல்ல!

எம்.ஜி.ஆர். தன் வாழ்க்கையைத் தானே எழுதியதும் உண்டு. 1970 முதல் ‘ஆனந்த விகட’னில் ‘நான் ஏன் பிறந்தேன்’ தொடராக வந்தது. அதில் தாய் நிறைந்திருக்கிறார். தகப்பனாரைக் கண்டு பழகாத பிள்ளை வேறு எப்படி எழுதுவார்? சம்பாதித்து வாங்கிய ஸ்டூடியோவுக்கும் தாய் பெயர்தான். அடையாற்றில் நெப்டியூனாக இருந்தது சத்யா ஸ்டூடியோ ஆனது. தமிழ்ப் பத்திரிகைகள் இதைத் தாய்ப்பாசம் என்று எழுதின. பாசம் இருந்தது, மறுப்பதற்கில்லை. கூடவே மருமக்கள்வழிப் பிள்ளையின் பழக்கமும் அதில் இருக்கிறது என்பது என் துணிபு.

மருமக்கள்தாயக் கூட்டுக்குடும்பத்தைக் கேரள அரசு 1975-ல் சட்டம் போட்டு ஒழித்தது. 1976 டிசம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஏழு மாதம் கழித்து 1977 ஜூன் 30-ல் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். அவருடைய பூர்வீகச் சண்டை உச்சத்தில் இருந்தபோது, அந்தப் பூர்வீகத்தைப் புரிந்துகொள்ள உதவும் சட்டமே செத்துவிட்டிருந்தது. வடவன்னூரில் சத்தியபாமாவின் வீடு மட்டும் நின்றது. வெகுகாலம் அதில் அங்கன்வாடி நடந்தது. சைதை துரைசாமியின் முயற்சியில் புதுப்பிக்கப்பட்டு, 2019 பிப்ரவரியில் நினைவில்லமாகத் திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் அன்றைய கேரள ஆளுநர் ப. சதாசிவம், அவர் ஈரோட்டுப் பக்கத்துக்காரர்.

பாலக்காடு, கொல்லங்கோடு, சித்தூர் பக்கம் பூர்வீகம் உள்ள வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வம்சாவளி எழுத உட்கார்ந்தால் தாத்தாவின் தாத்தா பெயரில் ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் இருக்கும் வயதான பெண்மணியிடம், அவருடைய அம்மாவின் தரவாட்டுப் பெயர் என்ன, அதற்கு முந்தியவர் எந்த வீட்டில் பிறந்தார் என்று கேட்டு முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் அதில் ‘தாவழி’ (தாய்வழிக் கிளை) என்று குறித்த பக்கத்தை நகல் எடுத்து வையுங்கள். தகப்பன்மார் பெயர்களை அதற்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

(தொடரும்)